சொல்வதெழுதல்

"உன்ட எழுத்து வடிவு" என்றார் பெனடிக்ரா மிஸ்,
"நீ வராததுதான் பிரச்சினை."
இடாப்பில் என் பெயருக்கு நேரே
தவணை முழுக்கச் சிவப்புச் சுழிகள்.
ஜிந்துப்பிட்டியில் பத்து மணிக்குள்
எண்பது சோற்றுப் பார்சல் கட்டி முடிய வேண்டும் என்பதை
எந்தப் படிவத்தில் எழுதுவது?
விலகல் பத்திரம் தரத்தான் கூப்பிடுகிறார் என்று
மஞ்சள் படிந்த விரல்களோடு போய் நின்றேன்.
பேபியனுக்கு ஒரு கை வேண்டுமாம்.

அவன் பதினோராம் தரம். நான் பத்து.
அவன் கை அவன் சொல் கேட்காது.
வாய் கேட்கும், ஆறுதலாக.
அவன் ஒரு வசனம் தொடங்கினால்
ஆமர் வீதிச் சந்திக்கு மட்டக்குளி பஸ் வந்து
ஆள் ஏற்றி
மிச்சக் காசுக்குச் சண்டை பிடித்து
போயும் விடும்.
அதற்குப் பிறகுதான் வினைச்சொல் வரும்.
தமிழில் வினை கடைசியில் என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சட்டம் ஒன்றே ஒன்று:
சொன்னதை எழுது. திருத்தாதே.
ஆனால் அவன் நாக்கில் மூன்று லகரமும் ஒரே லகரம்.
பல்லியா பள்ளியா,
வாலா வாளா,
வாழ்வதா?
மேசையில் தட்டுவான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
விளையாட்டுச் சாமான் அறையில்,
காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே,
இரண்டு மாதம் தட்டித் தட்டி
நாங்கள் உண்டாக்கிய இலக்கணம்.

அங்கேதான் கணிதமும்.
"அடைப்புக்கு முன்னால் கழித்தல் நின்றால்
உள்ளே எல்லாக் குறியும் மாறும்."
தவணைப் பரீட்சையில் பதினேழு எடுத்தவள் நான்.
அவன் சொல்லச் சொல்லச் செய்கையை எழுதிக்கொண்டு போக
எங்கேயோ ஒரு வரியில் விளங்கத் தொடங்கியது.
அவனிடம் சொல்லவில்லை.
கேட்டால் இன்னும் வேகமாகச் சொல்லப் பார்ப்பான்,
வேகம் அவனுக்குச் சரிவராது.

பரீட்சையன்று, தமிழ்ப் பாடம்,
முதல் ழகரத்திலேயே மேற்பார்வையாளர் எழுந்து வந்தார்.
"தட்டக்கூடாது. அது சைகை."
மிஸ் வாசலுக்கு வெளியே. உள்ளே விடமாட்டார்கள்.
திணைக்களத்துக்கு அழைத்தார்கள்,
அந்த ஆள் இன்னும் கதிரைக்கு வரவில்லை.
சுற்றறிக்கை ஒன்று அகப்பட்டது, சிங்களத்தில்.
வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடினார்கள்.
"சரி, தட்டலாம்."
போன இருபத்திரண்டு நிமிடத்தை
எந்தச் சுற்றறிக்கையும் திருப்பித் தரவில்லை.
பேபியன் முகத்தைத் துடைக்கச் சொன்னான்.
துடைப்பது விதியில் இருக்கிறதா என்று
நான் யாரையும் கேட்கவில்லை.

வரலாறு.
ஒரு கேள்விக்கு அவன் சொன்ன ஆண்டு பிழை.
சரியானது எனக்குத் தெரியும்,
பார்சல் சுற்றும் பழைய பேப்பரில் வாசித்திருக்கிறேன்.
ஓர் இலக்கம்தான். யாருக்குத் தெரியப்போகிறது?
பேனை நின்றது.
அவன் பேனையைப் பார்த்தான், பிறகு என்னை.
சிரிப்பு அவன் முகத்துக்கு வந்து சேர நேரம் எடுக்கும்.
வந்தது.
"என்ட பிழை. எழுது."
எழுதினேன்.
எந்தச் சரியையும் நான் அவ்வளவு வடிவாக எழுதியதில்லை.

அந்த ஒன்பது நாளில் ஒரு நாளும் நான் பிந்தவில்லை.
அம்மா தனியாகக் கட்டினாள்.
நாற்பத்தைந்துதான் முடிந்தது ஒவ்வொரு நாளும்.
குறைந்த முப்பத்தைந்து பார்சலுக்கு
எந்த இடாப்பிலும் இடம் இல்லை.

கடைசி நாள் வரவுத்தாளில் கையொப்பம்.
"அதையும் நீயே போடு" என்றார் மேற்பார்வையாளர்,
இரக்கமாகத்தான் சொன்னார்.
பேபியன் தலையாட்டவில்லை.
பேனையை அவன் விரல்களுக்குள் செருகினேன்.
கோடு பெட்டிக்குள் தொடங்கியது,
அடுத்தவனின் பெட்டிக்குள் போனது,
தாளின் கரையைக் கடந்து
மேசை மரத்தில் ஒரு சாண் ஓடி நின்றது.

அதை மட்டும் நான் எழுதவில்லை.