மார்க்கர் கையெழுத்து

ரிபாயி,
இன்னாசி எழுதுவது.
நாளைக்கு நீ படிவத்தில்
'தொழில்முறை' கட்டத்தில் டிக் போடுவாய்.
போடு. அதற்குமுன் சில விஷயம்.

கிரிப்பை இறுக்காதே.
நண்டுக்குஞ்சைப் பிடிக்கிற அளவு:
தப்பவும் கூடாது, ஓடு நொறுங்கவும் கூடாது.

சோழகம் முகத்தில் அறைந்தால்
பதிலுக்கு அறைகிற ஆள் நீ.
வாலிநோக்கம் கரையில்
காற்றோடு மல்லுக்கு நின்ற உன் பந்தெல்லாம்
இன்னும் உடைமுள்ளில்தான் கிடக்கிறது.
ஒரு கிளப் கூட்டி எடு. முக்கால் வீச்சு போதும்.
தாழப் போகிற பந்தைக்
காற்று கண்டுகொள்வதில்லை.

பங்கர் பற்றி உனக்கென்ன சொல்ல,
ஷார்ஜாவில் மூன்று வருஷம்
அந்த மணலை வாரிவிட்டவர்கள் நாம்.

புட்டில் மட்டும் தலை நிமிர்கிறாய்.
ஈரமணலில் சிரட்டை புதைத்து ஆடியபோதும் அப்படித்தான்.
மூன்றடிக்குக் கண் எதற்கு?
விழுந்ததைக் காது சொல்லும்.

தோற்ற மாதமும் எனக்கு
உப்பளத்தில் சம்பளம் உண்டு.
உனக்கு இனி
கட் தாண்டாத வாரம்
ரயில் டிக்கெட், கேடி கூலி, லாட்ஜ் வாடகை
எல்லாம் கையிலிருந்து.
லீடர்போர்டைப் பார்க்காதே என்பார்கள்.
பார்.
கடலைப் பார்க்காமல் வல்லம் இறக்குவது
துணிச்சல் இல்லை.

இப்போது, சொல்ல வந்தது.
போன மாசி, கோயம்புத்தூர், பதினாலாவது குழி.
மரத்தடியில் சருகை நீ விலக்கும்போது
பந்து அரைச் சுற்று உருண்டது.
நீ பார்த்தாயா, தெரியாது.
நான் பார்த்தேன்.
'நாலு' என்றாய்.
நாலு என்று எழுதினேன்.
மார்க்கர் இடத்தில் என் கையெழுத்து.

கோப்பை ஒரே அடியில் உனக்கு வந்தது.
இரண்டாவதாக வந்த குன்னூர் பையன்
உன் கையைக் குலுக்கிவிட்டு
என் கையையும் குலுக்கினான்.
அப்புறம் வத்தம் பார்க்கப் போகிற காலையெல்லாம்
அந்த நாலு
மணலில் கிடக்கிறது, ரிபாயி.
தண்ணீர் ஏறியும் அழியவில்லை.

கமிட்டிக்கு நாளை தபால் போடுகிறேன்.
என் பேரில்தான்.
நீயும் எழுதுவதென்றால் எழுது, கேட்கமாட்டேன்.
இனி ஒவ்வொரு அடிக்கும் ரூபாய்;
பந்து அசைந்தால், யாரும் பார்க்காவிட்டாலும்
கையைத் தூக்கு.

பிறகு,
உன் பையில் இருக்கிற ஏழாம் நம்பர் அயர்ன் என்னுடையது.
பிடியில் சுற்றின நைலான் நூல் பிரிகிறது.
மாற்றிக்கொள்.
திருப்ப வேண்டாம்.