யானைத்தோல்

முப்பது குளிர்காலமாய்ச் சாலையில் உப்பிட்டோம்.
உப்பிட்டவரைப் பாலம் மறக்கவில்லை:
தளத்துக்குள் கம்பிகள் துருவேறி ஊதி
மேல்தோலைப் பெயர்த்துக் காட்டின.

இடிக்கலாம் என்றார்கள் சியோனில்.
எங்கள் பள்ளத்தாக்குக்கு வேறு வழி இல்லை,
பள்ளிப் பேருந்து, பால் லாரி, பிணவண்டி
எல்லாம் இதன்மேல்தான்.
ஆகவே பாதிப் பாதையை அடைத்து
பழுதைத் தண்ணீர்ப் பீச்சலால் சுரண்டி
நான்கு சென்டிமீட்டர்,
நான்கே சென்டிமீட்டர்
புதிதாய்ப் போர்த்துவதென்று முடிவு.

என் வேலை சின்னது.
கலவை வரவர ஒரு கூம்பில் எடுத்துக் கவிழ்ப்பேன்.
தகட்டில் அது பரவும் அகலத்தை அளப்பேன்.
பதம் தப்பினால் திருப்பி அனுப்புவேன்,
ஓட்டுநர் திட்டுவார்.
ஜல்லி கிடையாது. சிமெண்ட், சிலிக்காத் தூள்,
கஞ்சத்தனமாய்த் தண்ணீர்,
அப்புறம் இழைகள்:
விரற்கடை நீளம்கூட இல்லாத எஃகு மயிர்,
பித்தளைப் பூச்சில் பொன்போல.
கனமீட்டருக்கு ஏழு கோடி.
ஒரு மதியம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அவை வீட்டுக்கும் வரும்.
காலுறையில், கழுத்துப்பட்டியில்,
ஒருமுறை வெண்ணெயில்.
மகன் உள்ளங்காலில் தைத்ததை
ஊசியால் எடுத்தபோது அழவில்லை.
தங்கமா என்று கேட்டான்.

மேற்கிலிருந்து பல்தசாரின் ஆட்கள்,
கிழக்கிலிருந்து அர்ப்னோரின் ஆட்கள்.
இரண்டு மேஸ்திரிகளுக்கும் பேச்சில்லை,
போன கோடையில் ஓர் அளவுநாடா
காணாமல் போனதிலிருந்து.
நடுவில் சந்திப்பதாக ஏற்பாடு.

பதினொன்று நாற்பதுக்கு
கிழக்கு மிக்சர் நின்றது.
பனியாற்றுப் பக்கமிருந்து காற்று.
காத்திருந்த மேற்குக் கலவையின்மேல்
யானைத்தோல் படர்ந்தது,
அப்படித்தான் சொல்வோம்:
வெளியே சுருக்கம், உள்ளே இன்னும் நெகிழ்வு.
ஐம்பது நிமிடம் கழித்து வந்த கலவை
மெல்ல ஊர்ந்து அதைத் தொட்டு நின்றது.

பார்த்தால் ஒன்று.
ஆனால் ஓடிவரும் கலவை முட்டுமிடத்தில்
இழைகள் விளிம்போடு படுத்துக்கொள்ளும்,
ஒன்றுகூட அந்தப் பக்கம் போகாது.
கண்ணுக்கு ஒட்டு. இழைக்கு எல்லை.
முதல் பனி உருகியதும் தண்ணீர் கண்டுபிடித்துவிடும்.

பொறியாளர் செவரின் முழந்தாளிட்டுப் பார்த்தாள்.
"கிழியுங்கள்" என்றாள்.

ஆணி அடித்த இரண்டு பலகைகள்.
குறுக்கே போட்ட ஏணியில் குப்புறப் படுத்து
இவர் அங்கிருந்து இழுத்தார்,
அவர் இங்கிருந்து இழுத்தார்.
தோல் கிழிந்து, ஈரம் மேலேறி,
இழைகள் கலைந்து நிமிர்ந்து
திசை தெரியாமல் குறுக்கே விழுந்தன.
பதினேழு நிமிடம்.
அர்ப்னோரின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வியர்வை
கலவைக்குள் போனதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

இதற்குள் ஓர் உவமை உட்கார்ந்திருக்கிறது, தெரியும்.
தொடமாட்டேன்.
அளவுநாடா இன்னும் கிடைக்கவில்லை,
இருவரும் தனித்தனி வண்டியில்தான் போனார்கள்.

இருபத்தெட்டாம் நாள், ஆய்வுக்கூடம்.
அதே மணியில், அதே போல் கிழித்து வார்த்த பலகை
அழுத்தியின் கீழே வளைந்தது.
முதல் விரிசல்.
சாதாரணக் கான்கிரீட் அதோடு கதையை முடித்துக்கொள்ளும்.
இது மேலும் சுமந்தது.
ஸ்பிரிட் தெளித்தால்தான் தெரிகிற விரிசல்கள்,
ஒன்றின் பக்கத்தில் ஒன்றாய், முடியிழை அளவில்.
கடைசியில் ஒன்று மட்டும் வாய் திறந்தது;
பழைய கோணி கிழியும் சத்தத்தில்
இழைகள் ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டு வந்தன.

ஒட்டில்லாத பலகை தாங்கியதில் முக்கால் பங்கு.
முழுசாக இல்லை, முக்கால்.
போதும் என்றது விதிநூல்.
செவரின் தசமப் புள்ளியோடு எழுதினாள்,
எதையும் மேலே தள்ளவில்லை.

நவம்பரில் உப்பு வண்டி வந்தது.
நூற்றுப் பதினேழாம் மீட்டரில்
நான் மட்டும் வேகம் குறைக்கிறேன்.
பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கிறார்.