நிறம் போன பிறகு

மங்கலம் பாலத்துக்குக் கீழே
நொய்யல் இன்றைக்குக் கத்தரிப்பூ நிறம்.
நேற்று பச்சை என்றாள்
ஆடு ஓட்டிவந்த துளசிமணி.
"பாட்டல்ல புடிச்சு என்னங்க பண்ணுவீங்க?"

ஒரு குப்பி தண்ணீர், ஒரு கரண்டிச் சேறு.
கோவை வரைக்கும் ஐஸ் பெட்டி என் மடியில்.
பக்கத்து சீட்டுக்காரர் மீனா என்று கேட்டார்.

சேற்றிலிருந்து எடுத்தவற்றில் பதினொன்று செத்தன.
பன்னிரண்டாவது
குண்டூசித் தலையளவு, வெளிர் மஞ்சள்.
பெயர் வைக்கும் வரை நொ-12.

வெள்ளிக்கிழமை சாயம் ஊற்றி
மூடியை இறுக்கிவிட்டுப் போனேன்.
திங்கட்கிழமை குடுவைக்கு அந்தப்பக்கம்
சுவர்க் கடிகாரம் தெரிந்தது.
சிறுவாணித் தண்ணி கெட்டது போ என்று
முத்துரத்தினம் அண்ணன் லட்டு வாங்க ஓடினார்.

அவர் திரும்புவதற்குள்
கருவி கோடு வரைந்து முடித்திருந்தது.
சாயத்தின் கூம்பு இல்லை.
அது உடைந்த இடத்தில், இதுவரை இல்லாத
இரண்டு சின்னக் கூம்புகள்.
அமீன்கள். கண்ணுக்குத் தெரியாதவை.
லட்டை எல்லோரும் தின்றோம்,
யாரும் ஒன்றும் பேசாமல்.

அடுத்த வாரம் இரண்டு தொட்டியிலும் மீன்குஞ்சு விட்டேன்.
கத்தரிப்பூத் தண்ணீரில் மூன்று நாள் நீந்தின.
தெளிந்ததில்
மறுநாள் காலையே மல்லாந்து கிடந்தன.

நொ-12 இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது.
அதன் மேல் குற்றமில்லை,
கொடுத்ததைத் தின்றது.
மிச்சத்தைத் தின்ன இன்னொன்று
அதே சேற்றில் இருக்கக்கூடும்.

மறுபடி பாலத்துக்கடியில் குனிகிறேன்.
ஆறு இன்றைக்குக் கருநீலம்.
கரையோடு நிற்கிறாள் துளசிமணி,
கோலைக் குறுக்கே நீட்டி.
"கலரு பாத்துத்தானுங்க
ஆட்டத் திருப்பறது."