மூன்று புள்ளி நான்கு

மாட்டுக் கருவூட்டல் நிலையத்தில்
காளை விந்துக்கென்று வைத்திருக்கும்
திரவ நைட்ரஜனில் பத்து லிட்டர் கேட்டேன்.
காரணம் எழுதச் சொன்னார்கள்.
வியாழனின் நிலவு, யூரோப்பா என்று எழுதினேன்.
ஆய்வாளர் படித்துவிட்டு
"எத்தனை பசு?" என்றார்.

குடுவையைக் காலிடுக்கில் வைத்து
செக்கானூரணி பஸ்ஸில் வந்தேன்.
மூடியோரம் வெண்புகை கசியக் கசிய
பக்கத்து ஆள் சீட்டு மாறிக்கொண்டார்.

நாகமலை அடிவாரத்தில் ஆய்வகம்.
வெளியே நாற்பத்தியொரு டிகிரி.
உள்ளே, தீப்பெட்டி அளவு அறைக்குள்,
மைனஸ் நூற்று அறுபது.
நடுவில்
கட்டைவிரல் நகத்தளவு ஒரு ஜன்னல்.

அந்த நிலவின் தோலில் என்ன உப்பு?
பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பா,
சமையல் உப்பா,
உறைந்த கந்தக அமிலமா?
நக்கிப் பார்க்க ஆளில்லை.
போய்த் திரும்பும் வெளிச்சத்தில்
எது குறைகிறதென்று பார்த்து
ருசி சொல்ல வேண்டும்.
சாப்பிட்டு எழுந்தவனின் இலையைப் பார்த்து
பந்தியில் என்ன போட்டார்கள்
என்று கண்டுபிடிப்பது போல.

எங்கள் வீட்டு போர் தண்ணீரை எடுத்தேன்,
குழாய் வாயில் வெள்ளையாய்க் காரை கட்டுமே அதை.
பன்னீர் சோடா கம்பெனி சிலிண்டரிலிருந்து
கொஞ்சம் வாயு.
இரண்டையும் பனியாக்கிப் பூட்டி
புற ஊதா விளக்கின் கீழ் ஆறு மணி நேரம்.
கரண்ட் போகவில்லை.
அதுவே முதல் அதிசயம்.

இரவு பத்தரைக்கு
திரையில் ஓடிய கோடு
மூன்று புள்ளி நான்கு மைக்ரானில் இறங்கியது.
கரிமமும் ஹைட்ரஜனும் கைகோத்து நிற்கும் இடம்.
எந்த உப்புக்கும் அங்கே ஜோலியில்லை.
மறுபடி ஓட்டினேன். இறங்கியது.
கால் தரையில் இல்லை எனக்கு.
தண்ணீர், சோடா, வெளிச்சம்,
இவ்வளவு போதுமா உயிரின் முதல் எழுத்துக்கு?

மீரான் கோட்டை வெகுநேரம் பார்த்தான்.
ஒரு பள்ளம் பெரிது, அடுத்தது சிறிது.
பிறகு என்னைப் பார்த்தான்.
"அக்கா, தலைக்கு என்ன எண்ணெய்?"

காலையில் ஜன்னலைப் பொருத்துமுன்
காதோர முடியை ஒதுக்கிய விரல்
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுத்தமான கண்ணாடியில்
வேண்டுமென்றே விரல் வைத்து அளந்தோம்.
அதே பள்ளம் பெரிது. அதே பள்ளம் சிறிது.
அசிட்டோன் விட்டு மூன்று முறை துடைத்தோம்.
கோடு
கண்மாய்த் தண்ணீர் போலப் படுத்துவிட்டது.

மீரான் சிரித்தான். நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

கடைசி பஸ் போயிருந்தது.
மலைக்கு மேல் வியாழன்.
நான்கு நிலவும் அந்த ஒற்றைப் புள்ளிக்குள்தான்,
வெறுங்கண்ணுக்குப் பிரியாது.
நாங்கள் கண்ணாடியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது
அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம்
இப்போதுதான் வந்து சேர்கிறது.
அதன்மேல் யார் விரலும் படவில்லை.
இனிமேல்தான் படும்,
தொலைநோக்கியில், வடிகட்டியில்,
பார்க்க ஆசைப்படும் எங்கள் கண்ணில்.

நோட்டில் எழுதினேன்:
மாதிரி பதினான்கு. தள்ளுபடி.
உள்ளடக்கம்: நீர், உப்பு, கரியமில வாயு, நான்.

மறுநாள்
சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் போனேன்.