நூத்தி நாப்பத்தேழாம் நம்பர்

ஆடி மாத ஞாயிறு.
செக்கிங் செக்‌ஷன் பெண்கள் ஒன்பது பேர்,
தலைக்கு இருநூறு போட்டு எடுத்த வேன்.
திருமூர்த்தி மலை என்றுதான் பேச்சு.
அருவியில் வெள்ளம், ஆளை விடவில்லை என்று
பாதி வழியில் போன் வந்தது.
"அப்பக் காத்தாடி பாக்கலாமுங்க" என்றார்
ஓட்டுநர் குப்புராசு,
நாங்கள் சரி என்பதற்குள்
வண்டியைத் திருப்பியிருந்தார்.

பூளவாடி தாண்டியதும் எண்ணத் தொடங்கினோம்.
நாற்பதுக்கு மேல் சண்டை,
நவமணி எண்ணியதையே எண்ணுகிறாள் என்று.

சுற்றுலா இடம் என்றால்
டிக்கெட் கிழிக்க ஒரு கூண்டு,
வெள்ளரிப் பிஞ்சு கீறித்தர ஓர் ஆள்,
நின்று படமெடுக்க ஊர்ப்பெயர் எழுதிய பலகை.
இங்கே மக்காச்சோளத்துக்கு நடுவே
ஒரு செம்மண் பாதை,
மண்டையோடு வரைந்த தகரம்.
எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது
என்று சொல்ல யாருமில்லை.
ஒன்பது பேரும் கழுத்தை ஒடித்து
மேலே பார்த்தோம்.

தூரத்தில் மெதுவாகச் சுற்றுவது
கிட்டே வந்தால் மெதுவாக இல்லை.
ஒவ்வோர் இறக்கையும்
ஈர ஜமக்காளத்தை உதறுவதுபோல்
இறங்கி, உதறி, ஏறுகிறது.
பாலக்காட்டுக் கணவாயில் யாரோ
கதவைத் திறந்து வைத்துவிட்டு
மறந்துபோன மாதிரி காற்று.
துப்பட்டாக்கள் எல்லாம் கிழக்கே கிளம்பின.
சம்பூர்ணத்தின் எலுமிச்சைச் சோற்றில்
முதல் வாயே மணல்.

நிழலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.
தரையோடு தரையாக ஓடிவந்து
முதுகில் ஏறி இறங்கிப் போகிறது.
ஒவ்வொரு முறையும்
கையைத் தலைக்கு மேல் வைத்துக் குனிந்தோம்.
சிரித்துக்கொண்டேதான்,
ஆனாலும் குனிந்தோம்.
அடுத்த காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்குகிறவர்கள்மேலும்
அதே நிழல்தான் போனது.
ஒருத்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.
அவ்வளவுதான்.

காவல்காரர் ராக்கியண்ணன் டிவிஎஸ்ஸில் வந்தார்.
விரட்டுவார் என்று நினைத்தோம்.
கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார்:
இது நூத்தி நாப்பத்தேழாம் நம்பர்,
உள்ளே ஏணி, போன மாசம் ஆயில் ஒழுகியது,
ரிப்பேருக்கு ஏறிய பையன் ஒருத்தன்
உச்சியிலிருந்து அவன் அம்மாவுக்கு
வீடியோ கால் போட்டான்,
பீகாரோ ஒரிசாவோ, அந்தம்மா அழுதுட்டாங்க.
"காத வெச்சுப் பாருங்க" என்றார்.
வெள்ளை இரும்பில் காதை வைத்தேன்.
மேல் வீட்டில் யாரோ
கட்டிலை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்போதுதான் கோசலை
கதவுக்கு மேலே நீல எழுத்தைப் படித்தாள்.
எங்கள் அடையாள அட்டையில்,
சம்பளக் கவரில், கம்பெனி பஸ்ஸின் நெற்றியில்
இருக்கிற அதே பெயர்,
அதே சாய்ந்த எழுத்து.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"ஞாயித்துக்கெழமையும்
கம்பெனிக்கே வந்துட்டமாட்ட இருக்குது" என்றாள் நவமணி.

"உங்க மொதலாளியுதுங்களா?"
ராக்கியண்ணனுக்குச் சட்டென்று மரியாதை கூடி
தன் தண்ணீர்க் கேனைத் திறந்தார்.
"இதுக்கு லீவு உண்டுங்களா?"
சம்பூர்ணம்தான் கேட்டாள்.
"காத்து நின்னா லீவு.
ஐப்பசிக்கு மேல வாங்க, தூங்கீட்டு நிக்கும்."

எங்களுக்கு அப்படி ஒரு மாதம் உண்டா என்று
வேனில் பேச்சு வந்தது.
ஆர்டர் இல்லாத மாதம் என்றாள் ஒருத்தி.
அதுக்குப் பேரு லீவா என்றாள் இன்னொருத்தி.
குப்புராசு பாட்டைச் சத்தமாக வைத்தார்.
பல்லடம் வரை பல்லில் மணல்.

திங்கள்.
வெள்ளைப் பனியன் குவியல்,
ஓட்டை தேடும் விரல்கள்.
பத்தரை மணிக்கு டியூப்லைட்டுகள்
ஒருமுறை சிமிட்டின.
எதிர் மேசையில் நவமணி
கையைத் தலைக்கு மேல் வைத்துக் குனிந்தாள்.
சூப்பர்வைசர் திரும்பிப் பார்ப்பதற்குள்
ஒன்பது பேரும்
குனிந்து நிமிர்ந்திருந்தோம்.