வாய் கோணிய கத்தி

ஒன்பது யூரோ.
கறுப்புக் கொம்புப் பிடி, நாள்பட்ட துரு,
வாலில் பாதி அழிந்த ஊர்ப்பெயர்: சோலிங்…
இந்த ஊரிலேயே பிறந்து
இந்த ஊர்ச் சந்தையிலேயே, ஈரத் தார்ப்பாயில்,
கரண்டிகளுக்கும் கதவுக் குமிழ்களுக்கும் நடுவே கிடந்தது.
அலங்காரத்துக்கு வையுங்கள், வெட்டாது என்றான் விற்றவன்.

எனக்குத் தொழில் பல்.
பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
முகமறியாத வாய்கள் சாந்து அச்சுகளாக வருகின்றன,
பெட்டிக்கு ஒரு எண் ஒட்டி.
மேலும் கீழும் எங்கே முதலில் இடிக்கிறது என்று
நீலத்தாள் வைத்துக் கடிக்கவிடுவேன்.
நீலம் பட்ட இடம் மேடு.
மேட்டை உரசி எடு. அவ்வளவுதான் படிப்பு.

கத்திக்கும் வாய் என்றுதானே சொல்கிறோம்.

பேனா மையை அதன் வாயோரம் பூசி
தண்ணீர் தெளித்த கல்லில் ஒரே ஒரு இழுப்பு.
இரு ஓரத்திலும் மை போயிற்று, நடுவில் நின்றது.
புரட்டினேன்.
நடுவில் போயிற்று, ஓரங்களில் நின்றது.
தேய்மானமில்லை இது.
உலையிலிருந்து எண்ணெய்க்குள் இறங்கிய கணத்தில்
லேசாகத் திரும்பிக்கொண்ட உடம்பு.
ஆனாலும் யாரோ இதை வைத்து மழித்திருக்கிறார்.
முதுகில் அவர் தீட்டிய தடம்:
இடப்பக்கம் அரிசி அகலம், வலப்பக்கம் நூல்.

நான் விடவில்லை. அழுத்தினேன்.
நடு தொடும்வரை அழுத்தினேன்.
பாத்திரம் கழுவியபின் நாலு இரவு,
சமையலறை மேசையில், ஈரத்துணி மேல் கல்,
மணிக்கட்டில் எரிச்சல்,
கல்லில் சாம்பல் நிறப் பால்.
மை நின்ற இடத்தில் நின்றது.

ஐந்தாம் நாள் தபால்பெட்டியில் மடித்த தாள்.
கீழ்வீட்டு உல்ரிக்கே கிளோப்ஹவுஸ்.
683 ஓட்டுகிறவள்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுமே அந்த பஸ்.
விடியுமுன் நாலுக்கு எழுகிறவள்.
என் பெயரில் இரண்டெழுத்தை விழுங்கி
மதிப்புக்குரிய திருமதி குணாயம் என்று தொடங்கியிருந்தாள்.
புகார்தான்:

போகும்போது ஒரு சத்தம், வரும்போது வேறு.
போவது நீளம். வருவது கனம்.
இரண்டும் ஒன்றாயிருந்தால் தூங்கிவிடுவேன்.
ஒன்றாயில்லை; ஆகையால்
அடுத்தது எப்படி வரும் என்று விழித்துக் கிடக்கிறேன்.
நட்பான வாழ்த்துகளுடன்.

எனக்குக் கோபம் வந்தது.
கோபம் அடங்க ஒரு தேநீர் ஆயிற்று.
பிறகு என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

அன்றிரவு கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தினேன்.
கட்டைவிரல் அகலம்தான். போதும்.
அடியிலிருந்து மூக்குவரை
அது எங்கே வளைகிறதோ அங்கே நானும் வளைந்து,
கத்தியின் எடையைத் தவிர எதையும் வைக்காமல்.
கண்ணை மூடிக் கேட்டேன்.
கனம்.
இன்னும் கனம்.
கொஞ்சம் குறைவு.
எது போனது எது வந்தது என்று தெரியாமல்
எப்போது ஆயிற்றோ, எனக்கு நினைவில்லை.
கீழே ஒரு விளக்குச் சுவிட்ச் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

மை இரு பக்கமும் போயிருந்தது.
பூதக்கண்ணாடியில் வாயோரம் ஒரே சாம்பல் கோடு,
ஓரிடத்தில் மட்டும் கடுகை விடச் சிறிய பொக்கை.
அதை அப்படியே விட்டேன்.
தோல்வாரில் அறுபது தடவை.
சீப்பிலிருந்து ஒரு நரை எடுத்துத் தொங்கவிட்டேன்.
தொட்டதும் பாதி இல்லை.

மேசையில் வைத்தால் இன்னும் ஆடுகிறது.
இந்த வீட்டில் இதற்கு முகமும் கிடையாது:
இவர் மின்சாரத்தில் மழிப்பவர்,
மகன் தாடிக்கு எண்ணெய் வாங்குகிறான்.

சனிக்கிழமை 683இல் முன்கதவால் ஏறினேன்.
நேற்றும் தேய்த்தீர்களா என்றாள்.
பதினொன்று வரை, என்றேன்.
அப்படியா, என்றாள்.
மலைத் திருப்பத்தில் கூரைக்கொம்பு ஒன்று
கம்பியை விட்டு நழுவ, பஸ் நின்றது.
மழையில் இறங்கிப் போய்
கயிற்றை இழுத்து, அண்ணாந்து, தட்டுத்தடுமாறி மாட்டிவிட்டு
கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.