பாத்துக்கிடுதேன்

ஆவணி இருபத்தொண்ணு, வியாழக்கிழமை.
ரேஷன் கடைத் திறப்பு, பகல் பதினொன்றே கால்.
சொர்ணத்தாய் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"ஓடப் பாலத்துக்கு வந்த துட்டு
டவுனுக்குப் போவுதாமே?"
எம்மெல்லே கத்திரியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:
"ஒத்த ரூவா போவாது.
நான் பாத்துக்கிடுதேன்."

நூறு நாள் வேலைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
நாற்பத்தேழு பேர்,
மண்வெட்டி எத்தனை, சட்டி எத்தனை,
வந்தது யார், வராதது யார்.
அந்தப் பதிவேட்டின் கடைசித் தாளில்
வராதவர் வரிசைக்குக் கீழே கோடிழுத்து
அவர் சொன்னதையும் எழுதினேன்,
சொன்ன மாதிரியே, 'கிடுதேன்' உட்பட.
தொகை: பதினோரு லட்சத்து நாற்பதாயிரம்.

புரட்டாசியில் ஒன்றிய ஆபீஸ்.
மாடக்கண்ணு சார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.
'நிலுவை' என்றிருந்தது.
ஐப்பசியில் 'பரிசீலனை'.
"வார்த்த மாறுதுல்லா, நல்ல சகுனம்" என்றார்.
அன்றைக்கு அடைமழை.
திரும்பி வரும்போது ஓடை இடுப்பளவு.
மூணாம் வகுப்புப் பிள்ளைகள்
பையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கரையில் நின்றன.
இரண்டிரண்டு பேராய் அண்டாவில் உட்காரவைத்து
இழுத்து வந்தோம்.
கோயில் அண்டா. அதையும் எழுதினேன்.

தையில் சட்டசபை.
சேர்மக்கனி கடை டிவியில்
எங்கள் ஆளின் இடது காது நாலு நொடி தெரிந்தது.
மற்றபடி அமைச்சர், அமைச்சர், மறுபடி அமைச்சர்.
ஷட்டரை இழுக்கிற வரை இருந்தேன்.
'எழவில்லை' என்று எழுதி
தாள் குழிய ஒரு புள்ளி வைத்தேன்.

தகவல் கேட்டு நான் போட்ட மனுவுக்கு
இருபத்தாறாம் நாள் தபாலில் பதில்:
அவைக் குறிப்பின் நகல், பக்கம் முன்னூற்றுப் பதினொன்று.
எழுந்திருக்கிறார்.
இரண்டு வரி பேசியிருக்கிறார்.
எங்கள் ஓடையின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார்.
அமைச்சர்: ஆவன செய்யப்படும்.

என்ன செய்ய.
டிவியைப் போடும் முன்னாலேயே
மனசில் அவருக்கு ஆப்சென்ட் போட்டிருந்தேன்.
'எழவில்லை'யை அடித்து 'எழுந்தார்' என்று எழுதினேன்.
அடித்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும்,
அது எனக்கும்தான்.

மாசிக் கடைசியில் கம்ப்யூட்டரில்
ஆறு லட்சத்து இருபதாயிரம்.
மிச்சம்?
மாடக்கண்ணு சார் மின்விசிறியைப் பார்த்தார்.
திங்கள்கிழமை கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ் வரிசை.
எனக்கு முன்னால் நூற்றுப் பத்துப் பேர்,
ஒருத்தர் கையில் செத்த கோழி.
மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்தார்கள்.
சோற்றுப் பருக்கை வைத்துத் தாளில் ஒட்டினேன்.

பங்குனியில் ஒரு காதுகுத்துக்கு அவர் வந்தார்.
கார் காய்ந்த ஓடைக்குள் இறங்கி ஏறி வந்தது,
இங்கே பாலம் எதுக்கு என்பது மாதிரி.
"நீதான் எழுதுதியாமே. காட்டு பாப்போம்."
நின்றபடியே முழுத் தாளையும் படித்தார்.
'எழுந்தார்' வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.
பேனா கேட்டார். மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.
'பாத்துக்கிடுதேன்' முன்னால் இடம் தேடி
'முடிஞ்ச மட்டும்' என்று சேர்க்கப் போனார்.

"சேருங்க சார்.
பக்கத்துல உங்க கையெழுத்தும்
இன்னைக்குத் தேதியும் போட்ருங்க."

பேனா தாளுக்கு ஒரு நெல் உயரத்தில் நின்றது.
பிறகு மூடியைத் தேடினார்.
அது என் கையில் இருந்தது.

பந்தியிலிருந்து எழுந்து
கை கழுவாமலே வந்து நின்ற சொர்ணத்தாய் சொன்னாள்:
"நாங்களும் பாத்துக்கிடுதோம் சார்."
அவருக்கு அது எப்படிக் கேட்டதோ, சிரித்தார்.

போன வாரம் இன்ஜினியர் வந்து
ஓடை மணலில் சுண்ணாம்புப் பொடியால்
இரண்டு கட்டம் போட்டுப் போயிருக்கிறார்.
தூண் மூன்று வேண்டும்.
அஞ்சு லட்சத்து இருபதாயிரத்தை இன்னும் காணோம்.
தாள் தீர்ந்துவிட்டது.
பின்னட்டையின் உள்பக்கம் கோடு போட்டிருக்கிறேன்,
அட்டை சொரசொரப்பு,
அழுத்தித்தான் எழுத வேண்டும்.